ஜாம் ஒட்டிய சொல்

அத்தியாயம் 7

சீட்டு எண் 41.
சொல்: க்ரோக்.
பொருள்: அடுத்தவர் சாப்பிடுவதை, 'நீயும் வா' என்று கூப்பிட மாட்டார்களா என்ற ஆசையில், வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருத்தல்.
காதில் விழுந்த வாக்கியம்: "க்ரோக் பண்ணாத, கூடையில இன்னொண்ணு இருக்கு."
சொன்னவர்: ஹின்னி ரொட்டிக் கூடைக்காரப் பெண்மணி.
யாரிடம்: மஞ்சள் கையுறைக்காரர். கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல்.
இடம்: தடம் 14, வியாழன், 2.10 பஸ்.
கேட்டு எழுதியவர்: பி. மில்பர்ன்.
நிலை: சந்தேகம்.

"இன்னும் ஒரு வரி சேத்துக்கலாம் மிஸ்," என்றான் வில்ஃப் ஹெஸ்லப், சீட்டை மூக்கருகே கொண்டுபோய். "வாசனை: ஸ்ட்ராபெர்ரி ஜாம்."

"ராஸ்ப்பெர்ரி," என்றாள் ஹெஸ்டர் ஃபென்விக்.

அதோடு நிறுத்திக்கொண்டாள். முப்பது வருடம் தபால் ஆபீசில் தந்தி கவுண்டரில் உட்கார்ந்தவள். சொல்லுக்குச் சொல் காசு என்ற கணக்கு உடம்பில் ஊறிவிட்டது. ஓய்வு பெற்றுத் துப்பறியத் தொடங்கிய பிறகும், யாரோ தன் வார்த்தைகளுக்கு ரசீது போடுவதைப் போலத்தான் பேசுவாள். வில்ஃப் அதற்கு நேர் எதிர். ஆட்டுச் சந்தையில் பத்து வருடம் ஏலம் கூவியவன். சும்மா இருந்தால் வாய் துருப்பிடித்துவிடும் என்று பயப்படுகிறவன்.

கோல்ட்ரிக் பஸ் டிப்போவின் கேண்டீன். பகல் பன்னிரண்டு. அவர்களுக்கு எதிரே, தோளில் டிக்கெட் பையும் மார்பில் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியுமாக பெல்லா மில்பர்ன் உட்கார்ந்திருந்தாள். தடம் 14-இன் கண்டக்டர். அவளுடைய டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"கடிதத்தை இன்னொரு தரம் படி," என்றாள் ஹெஸ்டர்.

வில்ஃப் தொண்டையைச் செருமினான். கிடாயை ஏலம் விடும் குரல் தானாக வந்தது.

"'கோல்ட்ரிக் சொல் சங்கம். மில்பர்ன் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களும் தங்களுடைய சொந்தக் கற்பனையோ என்று ஐயுறுகிறோம். ஜி எழுத்துச் சீட்டுகளைச் சரிபார்க்கவிருந்த சமயத்தில் அந்த இழுப்பறையே காணாமல் போயுள்ளது. திங்கள் மாலை தாங்கள் எங்கள் கட்டடத்துக்கு வந்து சென்றதையும் அறிவோம். வியாழன் நான்கு மணிக் கூட்டத்தில் தங்கள் சொற்கள் அனைத்தையும், தங்கள் பெயரையும் அகராதியிலிருந்து நீக்கத் தீர்மானம் வரும். எஸ். கார்னபி, செயலர்.' அடேயப்பா! இவர் ஒரு ஆளைத் திருடின்னு சொல்றதுக்குள்ள அந்தத் திருடி ஊரை விட்டே போயிருப்பா."

பெல்லா சிரிக்கவில்லை.

"பதிமூணு வருஷமா எழுதி அனுப்பறேன். பஸ்ல ஜனங்க பேசறது காதுல விழும். டிக்கெட்டுக்குப் பின்னாடி கிறுக்கி வெச்சு, ராத்திரி சீட்டுல நல்லா எழுதுவேன். பனிக்காலத்து வெயிலோட கதகதப்புக்கு ஏப்ரிசிட்டின்னு ஒரு கிழவர் சொன்னார். பச்சைத் தண்ணில குதிச்சதும் உசுரு தூக்கிப் போடும் பாருங்க, அதுக்கு கர்க்ளாஃப். பெரிய பெரிய அகராதிக்காரங்க மறந்துட்டாங்க. என் பஸ்ல அதெல்லாம் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கு." அவள் ஆறின டீயைத் தள்ளி வைத்தாள். "புஸ்தகம் திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. முதல் பக்கத்துல என் பேரு ஒரு வரி வரும்னு சொன்னாங்க. ஒரே ஒரு வரி. பத்தொன்பது வருஷமா 'புடிச்சு நில்லுங்க'ன்னு கத்திருக்கேன் மிஸ், அதை எவனும் எங்கயும் எழுதி வைக்கல."

ஹெஸ்டர் அந்தச் சீட்டை மேசை நடுவில் வைத்தாள். காலையில் சங்கத் தலைவரான பாதிரியார் ஓர்ட் அவர்களுக்குச் சங்கத்து அறையைத் திறந்துவிட்டபோது, கழுவாத ஒரு சாசருக்கு அடியில் ஜாமோடு ஒட்டிக் கிடந்தது அது. ஜி எழுத்தில் தொடங்கும் சொற்களின் இழுப்பறையில் மிஞ்சிய ஒரே சீட்டு.

"திங்கள் சாயங்காலம் அங்க டீ குடிச்சியா?" என்றாள்.

"நானா? வாசல்ல சீட்டுக் கட்டைக் குடுத்துட்டு வந்துட்டேன். கப்பும் சாசரும் கமிட்டிக்காரங்க அஞ்சு பேருக்குத்தான். சொல்லு கொண்டு வர்றவங்களுக்கு டீ கிடையாது."

"அப்ப கேள். ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டே ஜி டிராயரைப் புரட்டியிருக்கார். இந்தச் சீட்டை மட்டும் வெளிய எடுத்திருக்கார். படிச்சதும் பதறியிருக்கார். சாசரை இது மேலயே வெச்சிருக்கார். ஜாம் புடிச்சுக்கிச்சு. அப்புறம் தேடினார், கிடைக்கல. உள்ளயே திரும்ப விழுந்திருக்கும்னு நெனச்சு டிராயரையே தூக்கிட்டுப் போயிட்டார். ஒரு சீட்டைத் தொலைச்சவன்தான் முழு டிராயரையும் திருடுவான்."

"மிஸ், மூச்சு விடுங்க," என்றான் வில்ஃப். "முப்பது சொல்லு தாண்டிருச்சு. இந்த மாசத்துக்கே இதுதான் உங்க செலவு." பிறகு தலையைச் சொறிந்தான். "எல்லாம் சரி. ஒரு சொல்லைத் திருடி என்ன பண்றது? சந்தையில விக்கவா? நானே ஏலம் விட்டாலும் போகாதே!"

"எல்லாரும் சீட்டோட மேல் வரியைப் பாக்கறாங்க. நீ கீழ் வரியைப் படி."

வில்ஃப் படித்தான். "மஞ்சள் கையுறைக்காரர். யாரு பெல்லா இவரு?"

"தெரியாது. நான் மூஞ்சியைப் பாக்கறதில்ல. எனக்கு வர்றதெல்லாம் கைதான். காசு நீட்டற கை, டிக்கெட் வாங்கற கை. அந்தக் கை வியாழக்கிழமைல மட்டும் வரும். வாயே திறக்காது. அந்தம்மா சாப்பிடறதைப் பாத்துக்கிட்டே இருப்பார், அவங்க அதட்டி ஒண்ணு குடுப்பாங்க." அவள் யோசித்தாள். "ஒரு விஷயம். அந்தம்மா மார்க்கெட் ஸ்டாப். இவர் ஒரு ஸ்டாப் முன்னாடியே, சர்ச்சுல இறங்கிடுவார். ஒரே கூடையில சாப்பிட்டவங்க ஏன் தனித்தனியா இறங்கறாங்கன்னு தோணும்."

ஹெஸ்டர் எழுந்து தொப்பியை மாட்டினாள்.

"இன்னைக்கு வியாழன். இந்தச் சொல்லை நாம ரெண்டு பேர் காதால கேட்டா சாட்சி ஆச்சு. பெல்லா பொய் சொல்லலன்னு ஆகும். கிளம்பு."

"அவ்வளவுதானா? பஸ்ல ஏறி அந்தம்மாவை 'க்ரோக்னு ஒரு தடவை சொல்லுங்க'ன்னு கேட்டா முடிஞ்சுது!"

பெல்லா பதறினாள். "ஐயோ, கேக்கவே கூடாது! சங்கத்தோட முதல் விதியே அதுதான். 'கேட்டு வாங்கின சொல் செத்த சொல்.' நாம அந்த வார்த்தையை எடுக்கவும் கூடாது. அவங்களா, அவங்க பாட்டுல சொல்லணும்."

"அவங்களா எப்படிச் சொல்லுவாங்க? யாராவது அவங்க எதிர்ல உக்காந்து, சாப்பாட்டையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு, வாயே திறக்காம..."

வில்ஃப் நிறுத்தினான். இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாய் திறக்காமலா?" என்றான் பலவீனமாக. "நானா?"

*

ஆலர்ஹோப் கிராமத்தில் இரண்டு பத்துக்கு பஸ் கிளம்பியது. மார்ச் மாதத்துக் குளிர் கண்ணாடிகளில் வேர்த்திருந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில், துணி போர்த்திய பெரிய கூடையோடு மெகி டாட் ஏறி உட்கார்ந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நீலத் தொப்பி. அடுப்பில் வெந்து சிவந்த கன்னங்கள். துணியை விலக்கியதும் பஸ் முழுக்க வெண்ணெயும் திராட்சையும் மணத்தன. ஹின்னி என்பது இரும்புக் கல்லில் போட்டதும் சீறிப் பாடும் தட்டை ரொட்டி. அந்தப் பள்ளத்தாக்கில் ஹின்னி என்றால் சாவுப் படுக்கையில் இருப்பவனும் ஒரு கண்ணைத் திறப்பான்.

வில்ஃப் எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தான். ஹெஸ்டர் பக்கத்து இருக்கையில் குறிப்புப் புத்தகத்தோடு. பெல்லா டிக்கெட் கிழிப்பதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

மெகி ஒரு ஹின்னியைப் பிட்டு வாயில் போட்டாள்.

வில்ஃப் பார்த்தான்.

அவள் மென்றாள். அவன் பார்த்தான். கண்ணைச் சிமிட்டாமல், உதட்டை இறுக்கி, பட்டினி கிடந்த ஆட்டுக்குட்டியைப் போலப் பார்த்தான். பேசாமல் இருக்கும் கஷ்டத்தில் அவன் காதுகள் சிவந்தன.

மெகி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கூடைக்குள் கையை விட்டாள். முழு ஹின்னி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடு ராசா."

ஹெஸ்டரின் பென்சில் காற்றில் நின்றது. வில்ஃப் வேறு வழியில்லாமல் சாப்பிட்டான். முடித்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"வெண்ணெய் போதலையா கண்ணு?" இன்னொன்று வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் வெண்ணெய்.

மூன்றாவது ஹின்னி முடிந்தபோது வில்ஃபின் கண்கள் பிதுங்கியிருந்தன. ஆனாலும் கடமை தவறாமல் கூடையையே பார்த்தான். பெல்லா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

மெகி ஹெஸ்டர் பக்கம் சாய்ந்து இரக்கத்தோடு கேட்டாள்: "பாவம், பேச்சு வராதாம்மா இவனுக்கு?"

"தற்காலிகமா," என்றாள் ஹெஸ்டர்.

நான்காவது ஹின்னி நீண்டபோது அணை உடைந்தது. "அம்மா! ஒருத்தன் இப்படி வெக்கமில்லாம உங்க வாயையே பாத்துக்கிட்டிருக்கான். ஒரு வார்த்தை திட்டத் தோணலையா உங்களுக்கு?"

"அட, பேசறானே!" மெகி மகிழ்ந்துபோனாள். "உன்னை ஏன்ப்பா நான் திட்டணும்? நீ என்ன என் கூடப் பொறந்தவனா? வெளியாளுக்குச் சோறு, வீட்டாளுக்குத் திட்டு. எங்க அம்மா வளத்த வளப்பு அது."

வில்ஃப் தோல்வியோடு பின்னால் சாய்ந்தான். ஹெஸ்டரோ, அந்த வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகக் குறித்துக்கொண்டாள். பிறகு கூடையின் மூலையில் ஊசிகள் குத்தி வைத்திருந்த கம்பளி நூல் உருண்டையைக் காட்டினாள். மஞ்சள் நூல்.

"கையுறையா?"

"ஆமா, ரெண்டாவது ஜோடி. முதல் ஜோடியில கட்டைவிரல் பிஞ்சு போச்சு, செவப்பு நூலால தெச்சுக் குடுத்தேன். எத்தனை நாளைக்குத்தான் அதைப் போடுவான்?" அவள் ஊசியை எடுத்து இரண்டு கண்ணி பின்னினாள். "இன்னைக்கு ஏதோ பெரிய கூட்டமாம். வரல. தனியா சாப்பிட்டா ஹின்னி கூட ருசிக்க மாட்டேங்குது."

வில்ஃப் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'யாரு' என்று கேட்க வாயைத் திறந்தான். ஹெஸ்டரின் குடை முனை அவன் பூட்ஸில் அழுந்தியது.

"எனக்கு ஒரு டஜன் வேணும்," என்றாள் ஹெஸ்டர். "நாலேகாலுக்கு. சொல் சங்கக் கட்டடம், மாடி அறை."

மெகியின் ஊசிகள் நின்றன.

"அந்தக் கட்டடத்துக்கா?"

"ஆமா."

"வாசல்ல குடுத்துட்டுப் போயிடலாமில்ல? நான் அங்கெல்லாம் வர்றது... சரியா இருக்காது கண்ணு."

"உள்ள வரணும். சாப்பிட்டு முடிச்சதும் காலிக் கூடையை வாங்கிட்டுப் போகணும்."

பஸ் சர்ச் ஸ்டாப்பில் நின்றது. யாரும் இறங்கவில்லை. மெகி அந்தக் காலிப் படியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாபாரம்னா வியாபாரம்தான்," என்றாள் கடைசியில். "வர்றேன்."

மார்க்கெட்டில் இறங்கியதும் வில்ஃப் வெடித்தான். "மிஸ்! கையுறைக்காரர் அவங்க தம்பியோ அண்ணனோதான். கமிட்டி ஆளுதான். பேரைக் கேட்டிருந்தா இங்கயே முடிஞ்சிருக்கும்!"

"கேட்டிருந்தா அந்தம்மா தம்பியைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். கேட்டு வாங்கின பேரும் செத்த பேர்தான்."

"அப்ப நான் சாப்பிட்ட மூணு ஹின்னி?"

"ஃபட்ஜெல்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேலை செய்யற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு ஒண்ணும் செய்யாம இருக்கறது. பாரு, ஏழு சொல்லு மிச்சம்."

*

நான்கு மணி. சங்கத்தின் மாடி அறையில் சுவர் முழுக்க இழுப்பறைகள். எஃப்புக்கும் எச்சுக்கும் நடுவில் ஒரு பல் விழுந்ததைப் போல ஓட்டை. நீள மேசையின் தலைமாட்டில் தலைவர் பாதிரியார் ஓர்ட். இரண்டு பக்கமும் கமிட்டி. பெல்லா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

செயலர் கார்னபி எழுந்தார். வழுக்கைத் தலை, தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, இஸ்திரி போட்ட குரல். முன்னால் ஒரு தட்டில் சோம்பு கேக். கையில் கையுறை எதுவும் இல்லை. மேசையைச் சுற்றி ஒரு கையிலும் இல்லை என்பதை வில்ஃப் வந்ததுமே பார்த்துவிட்டு வருத்தப்பட்டிருந்தான்.

"தலைவர் அவர்களே," என்றார் கார்னபி. "விவாதத்தில் இருக்கும் சொல்லை இந்த அறையில் உச்சரிப்பது விதிக்குப் புறம்பு. ஆகவே, சீட்டு எண் நாற்பத்தொன்று என்றே குறிப்பிடுகிறேன். டர்ஹம் நகரில் புத்தகக் கடை நடத்திய என் தந்தையாரின் காலடியில் மொழி பயின்றவன் நான். நாற்பத்தொன்றாம் சொல்லை என் வாழ்நாளில் நான் செவியுற்றதில்லை. ஒரு சொல் பொய் எனில், அதே கையால் எழுதப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டும் ஐயத்துக்குரியவையே."

"ஒரு சொல்லு மேலதானே சந்தேகம், முந்நூறை ஏன் புதைக்கறீங்க?" என்றான் வில்ஃப்.

"தாங்கள் யார்?"

"சாட்சி. பட்டினி கிடக்கற சாட்சி." சொல்லிவிட்டு வில்ஃப் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். சோம்பு கேக்கை வெறிக்க ஆரம்பித்தான். மூன்று ஹின்னி நிரம்பிய வயிற்றோடு ஒரு கேக்கை ஆசையாகப் பார்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கார்னபி ஒரு விள்ளல் எடுத்தார். வில்ஃபின் பார்வை விள்ளலோடு மேலே போய் இறங்கியது. கார்னபி நெளிந்தார். நாற்காலியைத் திருப்பினார். வில்ஃபும் திருப்பினான்.

"தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் கார்னபி, தட்டையே அவன் பக்கம் தள்ளி.

வில்ஃப் துயரத்தோடு ஹெஸ்டரைப் பார்த்தான். *வெளியாளுக்குச் சோறு.*

கதவு தட்டப்பட்டது.

"ஹின்னி கொண்டாந்திருக்கேன்," என்றது ஒரு குரல்.

கார்னபியின் முதுகு விறைத்தது. அவர் திரும்பவில்லை. பாதிரியார் முகம் மலர்ந்து, "ஆகா, யாருடைய ஏற்பாடு இது? வாங்க, வாங்க!" என்று கூடையை வாங்கித் தட்டுகளில் பரிமாற ஆரம்பித்தார். அறைக்குள் வெண்ணெய் மணம் பரவியது. அகராதிக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்கு மொழியை மறந்தார்கள்.

கார்னபியின் முன்னாலும் ஒரு ஹின்னி வந்தது. அவர் அதைத் தொடவில்லை. பிறகு ஓரத்தைப் பிய்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம். அது வெறும் ரொட்டி இல்லை என்பது அவர் மென்ற விதத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

மெகி கதவருகே நின்றாள். காலிக் கூடைக்காகக் காத்திருக்கும் வியாபாரி எப்படி நிற்பாளோ அப்படி, கைகளைக் கோத்துக்கொண்டு. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் சாப்பிடுவதை மட்டும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் டிக் டிக் என்றது. கார்னபி நிமிர்ந்தார். அவள் பார்வை அங்கேயே இருந்தது. குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார். காது மடல்கள் சிவந்தன.

"ஐயோ, அங்கயே நின்னுக்கிட்டு க்ரோக் பண்ணாதக்கா!" என்று அவர் கத்தினார். "உள்ள வந்து உக்காரேன்!"

இஸ்திரி குரல் இல்லை அது. ஆலர்ஹோப் பள்ளத்தாக்கின் குரல்.

அடுத்த கணம் அறையில் ஒரு சத்தம் எழுந்தது: காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம். ஒருவர் கூட யோசிக்கவில்லை. பதிமூன்று வருடப் பழக்கம். புதுச் சொல் காதில் விழுந்ததும் நான்கு பேரின் கையும் தானாகச் சீட்டை எடுத்துவிட்டது. "சொன்னவர்..." என்று முணுமுணுத்தபடி பாதிரியார் எழுதினார். "இடம், இந்த அறை. மணி, நாலு முப்பத்திரண்டு."

வில்ஃப் மெல்ல எட்டிப் பார்த்தான். கார்னபியின் கையிலும் ஒரு பென்சில் இருந்தது. அவரும் பழக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். 'சொன்னவர்:' என்பதோடு அவர் சீட்டு நின்றுபோயிருந்தது.

"கேக்காம வந்த சொல்," என்றாள் ஹெஸ்டர். "ஆறு சாட்சி."

பாதிரியார் பென்சிலைக் கீழே வைத்தார். "அக்கான்னீங்களே கார்னபி. டர்ஹம் புத்தகக் கடைன்னு..."

"புத்தகக் கடை இல்ல ஐயா." கார்னபி பாதி எழுதிய சீட்டைத் தள்ளி வைத்தார். "ஆலர்ஹோப்ல ஹின்னி சுட்டு வித்தார் எங்கப்பா. நான் ஏழாவது பிள்ளை. அக்காதான் என்னை வளத்துச்சு. இந்தச் சங்கத்துல சேந்தப்ப ஒரு பொய் சொன்னேன். அப்புறம் அதைக் காப்பாத்தறதே வேலையாப் போச்சு." அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் கையுறையை எடுத்து மேசையில் வைத்தார். கட்டைவிரலில் சிவப்புத் தையல். "திங்கட்கிழமை அந்தச் சீட்டைப் படிச்சேன். பஸ்ல அக்கா பேசினது, என் கையுறை, தையல் வரைக்கும் எழுதியிருந்தது. நீங்க எல்லாரும் இந்தக் கையுறையைப் பாத்திருக்கீங்க. லண்டன்ல வாங்கினேன்னு சொல்லியிருக்கேன்."

"டிராயர் எங்கே?" என்றாள் ஹெஸ்டர்.

"என் வீட்டுச் சமையலறையில. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி. நாப்பத்தொண்ணாம் சீட்டு அதுல இல்ல. மூணு ராத்திரி தேடினேன். மத்ததை எரிச்சிடலாம்னு அடுப்புக்கிட்ட கொண்டுபோனேன். முதல் சீட்டைப் படிச்சேன். அப்புறம் அடுத்தது. எல்லாம் நான் சின்ன வயசுல பேசின வார்த்தைங்க ஐயா. எப்படி எரிப்பேன்?"

மெகி நடந்து வந்து தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அந்தப் பொண்ணைத் திருடின்னு எழுதினியாடா செப்பி?"

"எழுதினேன்."

"எழுதின கையாலயே மாத்தி எழுது."

பாதிரியார் அகராதியின் முதல் பக்கத்துக்கான தாளை அவர் முன் நகர்த்தினார். கார்னபி பேனாவை மையில் தோய்த்து எழுதினார். அறையில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சொல் கொண்டுவந்தவர்கள் பட்டியலில், எல்லோருக்கும் மேலே, இருந்ததிலேயே அழகான கையெழுத்தில்: பெல்லா மில்பர்ன், தடம் 14.

பிறகு சீட்டு எண் நாற்பத்தொன்றை எடுத்து, 'சந்தேகம்' என்பதை அடித்து, 'உயிரோடு' என்று எழுதினார். ஜாம் பட்ட இடத்தில் மை கொஞ்சம் பரவியது.

பாதிரியார் எழுந்து ஒரு நாற்காலியைப் பெல்லாவுக்கும், இன்னொன்றை மெகிக்கும் இழுத்துப் போட்டார். தானே போய் இரண்டு கப்பும் சாசரும் கொண்டுவந்தார். மீதியிருந்த ஒரு ஹின்னியை யாரோ வில்ஃபிடம் நீட்ட, அவன் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனான்.

"வேண்டாம். பாக்கவே முடியல."

"அபூர்வம்," என்றாள் ஹெஸ்டர்.

கார்னபி பெல்லாவின் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். பெல்லா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை, ரெண்டு பத்து," என்றாள். "சர்ச் ஸ்டாப்."

"ஆமாம்மா."

பெல்லா பழக்கதோஷத்தில் பஞ்ச் கருவியைத் தூக்கினாள். "அடுத்த வியாழக்கிழமை எதுவரைக்கும் குடுக்கட்டும்?"

கார்னபி மேசைப் பக்கம் திரும்பினார். மெகி கமிட்டியின் கப்பில் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். மேசை மேலிருந்த மஞ்சள் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மார்க்கெட் வரைக்கும்."

டிங் என்றது பஞ்ச் கருவி.